'பயான்': தமிழில் என்ன போடலாம்?

பினாங்கு மடல்

அன்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில் பயான் (முஸ்லிம்களின் சமயப் பேச்சு), குத்பா இரண்டுக்கும் 'சொற்பொழிவு' என்றே இருக்கிறது. இதை அப்படியே விடக்கூடாது.

குத்பா, வெள்ளி நண்பகல் கூட்டுத் தொழுகையான ஜும்ஆவின் கட்டாயப் பகுதி. கதீப் (குத்பா ஓதுபவர்) மிம்பரில் (பள்ளிவாசல் உரைமேடை) நின்று இரண்டு உரை ஓதுவார். நடுவே சற்று அமர்வார். ஷாஃபிஈ மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) ருக்னுகள் (கட்டாயக் கூறுகள்) ஐந்து: இறைப்புகழ், ஸலவாத்து (நபிக்கு வாழ்த்து), தக்வா (இறையச்சம்) உபதேசம், குர்ஆன் வசனம், இரண்டாம் உரையில் துஆ (வேண்டுதல்). ஒன்று விடுபட்டாலும் குத்பா நிறைவேறாது. பயானுக்கு இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. மக்ரிபுக்குப் (அந்தித் தொழுகை) பின்னும் நடக்கும், மீலாது (நபி பிறந்தநாள்) மேடையிலும் நடக்கும். தமிழ்நாட்டில் பல பள்ளிவாசல்களில் வெள்ளியன்று தமிழில் பயான் முடிந்த பிறகுதான் அரபியில் குத்பா. அறிவிப்பில் இரண்டையும் 'சொற்பொழிவு' என்று போட்டால், எது தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதே படிப்பவருக்குப் பிடிபடாது.

பயான் அரபுச் சொல். பிரிந்து தெரிவது, தெளிவாவது என்பது வேர்ப்பொருள். குர்ஆனின் 98ஆம் அத்தியாயத்தின் பெயரான 'அல்பய்யினா'வும் (தெளிவான சான்று) இதே வேர்தான். 55:4இல், இறைவன் மனிதனுக்குக் கற்றுக்கொடுத்ததாக வருவதும் பயான்தான்: எண்ணியதை விளங்கச் சொல்லும் திறன். இன்றைய அரபியில் அது பெரும்பாலும் 'அறிக்கை'. சமயப் பேச்சு என்ற பொருள் உருதுப் புழக்கத்தோடு ஒட்டியது. நம் பினாங்கின் பாயான் லெப்பாஸ் என்ற ஊர்ப்பெயரை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். மலாயில் 'பாயான்' கிளி.

'தெளிவுரை' என்று முன்மொழிகிறேன்.

கோலாலம்பூர் மறுமடல்

வேர்ப்பொருள் சரி, சொல் சரிவராது. திருக்குறள் தெளிவுரை என்று சொல்லிச் சொல்லி, அது அச்சிட்ட உரைநூலுக்கே உரியதாகிவிட்டது. 'மாலை 7.45க்குத் தெளிவுரை' என்று பார்ப்பவர் புத்தக வெளியீடு என்றே நினைப்பார். 'பிரசங்கம்' என்றால் தேவாலயமும் 'உபன்னியாசம்' என்றால் கோயிலும் முன்னால் வந்து நிற்கின்றன. இங்கே எல்லார் வாயிலும் இருக்கும் மலாய்ச் சொல் 'செராமா'வோ (சொற்பொழிவு) தேர்தல் கூட்டத்துக்கும் ஆகிவந்தது.

என் பரிந்துரை 'மார்க்கவுரை'. மார்க்கம் என்பது தமிழ் முஸ்லிம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல்; விளக்கமே தேவைப்படாது. வினைச்சொல்லையும் பதிவில் சேர்க்க வேண்டும். நம் மக்கள் 'பயான் பண்ணினார்' என்பார்கள், 'குத்பா ஓதினார்' என்பார்கள், மாற்றிச் சொல்வதில்லை. வேறுபாடு அந்த வினையிலேயே இருக்கிறது.

பதிவு இப்படி அமையட்டும்:

பயான்: மார்க்கவுரை. பயான் பண்ணுதல்: மார்க்கவுரை ஆற்றுதல்.
குத்பா: குத்பா (ஜும்ஆவில் தொழுகைக்கு முன், பெருநாளில் தொழுகைக்குப் பின் மிம்பரில் ஓதும் உரை). தமிழாக்க வேண்டாம்.