அம்மாவின் எம்.ஆர்.ஐ. படத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும், வேலூர் பக்கம் யார்?

அம்மாவுக்கு 54 வயது, ஊர் குடியாத்தம். மாதவிடாய் நின்று 4 வருடம் ஆகிறது. ஆடி மாதத்திலிருந்து அடிவயிறு கனக்கிறது என்றார், வலி இல்லை. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீரிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது.

உள்ளூர் ஸ்கேனில் 8 செ.மீ. கெட்டிக் கட்டி, கர்ப்பப்பை ஃபைப்ராய்டு (தசைக்கட்டி) என்றார்கள். வேலூரில் எடுத்த ஸ்கேன் இடது சினைப்பைக் கட்டி என்றது. சரி என்று கான்ட்ராஸ்ட் மருந்து ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். டி2 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி கருப்பாக இருக்கிறது, மருந்தை மெதுவாகவும் குறைவாகவும்தான் ஏற்கிறது; புற்றுநோய் அல்லாத சினைப்பை நார்க்கட்டியான ஃபைப்ரோமாவாக இருக்கலாம் என்று ரிப்போர்ட்.

குழப்பம் அங்கேதான். வயிற்றில் கொஞ்சம் நீர் இருக்கிறது, சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை அளவு 88 (35-க்குள் இருக்க வேண்டுமாம்). ஒரு டாக்டர் புற்றுநோய் என்றே வைத்துப் பெரிய ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார். ஃபைப்ரோமாவிலும் நீர் சேரும், சிஏ-125 ஏறும் என்கிறார் இன்னொருவர். நெஞ்சு எக்ஸ்ரேயில் நீர் இல்லை.

ஆபரேஷனுக்கு 12 நாள்தான் இருக்கிறது. படங்கள் சிடியில் உள்ளன. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் சினைப்பை எம்.ஆர்.ஐ. பார்ப்பதில் நல்ல அனுபவமுள்ள, சிடியை மறுபடி பார்த்துச் சொல்லக்கூடிய ரேடியாலஜிஸ்ட் யாராவது உங்களுக்குத் தெரியுமா?