புதுப்பிப்பு: ரோட்டரி கூட்டத்துக்கு வந்த பேஸ்பால் மேலாளரிடம் என்ன கேட்டேன்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன மாதம் நான் கேட்டது இதுதான்: அமெரிக்காவில் எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தின் மதிய உணவுக் கூட்டத்தில் பேச, மைனர் லீக் (உச்சத் தொடரான மேஜர் லீக்குக்கு வீரர்களைத் தயார்ப்படுத்தும் கீழ்நிலைத் தொடர்) பேஸ்பால் அணியின் பொது மேலாளர் வருகிறார், கிரிக்கெட் மட்டுமே தெரிந்த நான் அவரிடம் என்ன கேட்பது?

"ஆட்டத்தை விடுங்கள், வீரர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள்" என்ற யோசனைதான் எடுபட்டது. அதுவரை மனப்பாடமாகப் பேசியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சம்பளம் கொடுப்பது மேலே உள்ள மேஜர் லீக் அணி. எந்த வீரரை மேல்நிலை அணிக்கு ஏற்றுவது, யாரைக் கீழே இறக்குவது என்பதும் அவர்கள் கையில்தான். இவர் பாடு டிக்கெட், விளம்பரப் பலகை, ஹாட் டாக். 2021 சீரமைப்பில் மேஜர் லீக் இணைப்புள்ள அணிகள் 120 ஆகச் சுருங்கியதால் பல ஊர்கள் அந்த இணைப்பை இழந்ததையும் சொன்னார்.

ஸ்லைடு போடும் யோசனை வேலைக்காகவில்லை. கேபிளை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அதுவும் நல்லதுக்குத்தான்.

எதிர்பாராதது ஒன்று: மழை வந்தால் மைதானத்தைத் தார்ப்பாயால் மூட, டிக்கெட் விற்பவர் முதல் இவர் வரை எல்லோரும் ஓட வேண்டுமாம். உள்ளங்கைத் தழும்பைக் காட்டினார். முடிவு மணி அடித்த பிறகும் நாலைந்து பேர் அவரை விடவில்லை.

கேள்விக்கு 10 நிமிடம் போதாது. 20 ஒதுக்குங்கள்.