மணாலி–லே பயணம்: கேபிள் கியரா, பேட்டரி கியரா?

கல்ரோடு:
ஆகஸ்டில் மணாலி–லே, சுமார் 470 கி.மீ., பத்து நாள் திட்டம். பைகளோடு சுமை 18 கிலோ. ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் (கேபிள் இல்லாமல் பேட்டரியில் கியர் மாறும்) சைக்கிளா, 10-ஸ்பீடு கேபிள் சைக்கிளா என்பதுதான் குழப்பம். ஐந்து கணவாய் ஏறணும், வழியில் நம்பிப் போகச் சைக்கிள் கடை கிடையாது. கியர் மக்கர் செய்தால் எதை ரோட்டோரத்தில் உட்கார்ந்து சரிபண்ணலாம்?

முப்பத்திரண்டு பல்:
சார்ஜ் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அது சின்னத் தலைவலி. முழு சார்ஜுக்குச் சுமார் 60 மணி நேர ஓட்டம். தினம் 7 மணி நேரம் மிதித்தால் மொத்தம் 70, ஆகவே ஒரு உதிரி பேட்டரி போதும். பின்சக்கரத்தில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டிரெய்லரின் (derailleur) லைட் பச்சையாக எரிந்தால் 15 மணி நேரத்துக்கு மேல் பாக்கி; சிவப்பு என்றால் 5 முதல் 15; சிவப்பு மின்னினால் 5-க்கும் கீழே, உடனே மாற்றுங்கள். ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டருக்கு சிஆர்2032 காயின் செல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், பலர் மறப்பது இதைத்தான்.

வழியில் தங்கும் சர்ச்சு, பாங் பக்கம் இரவுக் குளிரில் லித்தியம் பேட்டரி சோர்ந்துபோகும். கழற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். பஸ் மேலே வண்டியை ஏற்றும்போதும் கழற்றுங்கள்; குலுங்கக் குலுங்க டிரெய்லர் விழித்துக்கொண்டே இருந்து சார்ஜைத் தின்னும். விமானத்தில் உதிரி பேட்டரி கைப்பையில்தான் போகணும்.

உண்மையான ஆபத்து கல்லடி. கல் பட்டு டிரெய்லரின் மோட்டார் போனால் கையால் செய்ய ஒன்றுமில்லை, செயின் நின்ற பல்லிலேயே (பல்சக்கரத்திலேயே) லே வரைக்கும்.

பழைய கேபிள்:
கேபிள் கியரும் சாதுவல்ல. அறுவது வெளியே தெரியும் இடத்தில் இல்லை. ஷிஃப்டருக்குள், கேபிள் தலைக்குப் பக்கத்தில் இழை இழையாகப் பிரியும். அப்போது செயின் பெரிய பல்லுக்கு ஏறச் சோம்பும். கேபிள் இழுப்பைச் சரிசெய்யும் திருகான பேரல் அட்ஜஸ்டரை இன்று திருகினால் நாளைக்கும் திருகச் சொல்லும். அப்போதே மாற்றிவிடணும். முழுதாக அறுந்தால் தலை உள்ளே மாட்டிக்கொள்ளும், பிய்ந்த இழையை ஊசிமூக்குக் குறடால் நோண்டி எடுக்கிற வேலை. கிளம்பும் முன் இன்னர் (உள்கம்பி), அவுட்டர் (அதன் மேலுறை) இரண்டும் புதிது போடுங்கள். 1.2 மி.மீ. இன்னர், 2,100 மி.மீ. நீளத்தில் இரண்டு உதிரி.

கல்ரோடு:
அண்ணே, தலை உள்ளே மாட்டி, எடுக்கவே முடியாவிட்டால்?

பழைய கேபிள்:
கேபிள் இல்லாவிட்டால் டிரெய்லர் சின்னப் பல்லில் போய் உட்காரும். அதில் தங்லங் லா கணவாய் ஏற முடியாது தம்பி. உதிரி இன்னரின் தலையை டிரெய்லரிலுள்ள பேரல் அட்ஜஸ்டர் துளையில் உட்கார வையுங்கள். ஏறத் தோதான பல்லுக்கு டிரெய்லரைக் கையால் தள்ளிப் பிடித்து, கேபிளை இழுத்து போல்ட்டை முறுக்குங்கள். செயின் கடகடத்தால் பேரலில் அரைச் சுற்று. முன்பக்கம் பெடலோடு சுற்றும் பல்சக்கரம் (செயின்ரிங்) இரண்டு இருந்தால் இரண்டு கியர் கிடைத்துவிடும்.

முப்பத்திரண்டு பல்:
இந்த வித்தை பேட்டரி கியரில் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோட்டைக் குறுக்கே வெட்டும் நாலா (ஓடை) கடக்கும்போது சேறும் மணலும் அவுட்டருக்குள் போய் கேபிளைப் பிடிக்கும். அந்தத் தொல்லை ஏஎக்ஸ்எஸ்-க்கு இல்லை. ஏற்கெனவே கையில் இருந்தால் உதிரி பேட்டரியோடு தைரியமாகப் போகலாம். புதிதாக வாங்குவதென்றால் இந்த ரோட்டுக்குக் கேபிள்தான். எதை வாங்கினாலும் அந்த ஃபிரேமுக்கே உரிய ஹேங்கர் (டிரெய்லரை ஃபிரேமில் மாட்டும் துண்டு) ஒன்று உதிரியாகப் பையில் இருக்கட்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான்.