மறு: அண்டர்வோல்ட்டிங், தெர்மல் த்ராட்லிங் – தமிழில் எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

> அண்டர்வோல்ட்டிங் = குறை மின்னழுத்தம்
> தெர்மல் த்ராட்லிங் = வெப்பத் தணிப்பு

கணினிச் சொற்களுக்கு முன்மொழியப்பட்ட இந்த இரண்டு தமிழாக்கங்களையும் ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

'குறை மின்னழுத்தம்' என்றதும் நினைவுக்கு வருவது, டியூப்லைட் எரியாமல் மினுக்கும் லோ வோல்டேஜ்தான். அது தானாக நேரும் கோளாறு. நாம் பெயர் தேடுவதோ, பயாசுக்குள் (கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருள்) போய் நுண்செயலிக்குப் போகும் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கொஞ்சம் இறக்கும் செயலுக்கு. ('செயலி' இப்போது ஆப் ஆகிவிட்டதால் ப்ராசசரை நுண்செயலி என்றே எழுதுகிறேன்.) வேகத்தை மாற்றாமல் 1.30 வோல்ட்டை 1.20 ஆக்கினால், டிரான்சிஸ்டர்களின் நிலைமாற்றத்துக்குச் செலவாகும் மின்திறன் ஏறக்குறைய 15 விழுக்காடு குறையும். மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப அது மாறுவதால்தான் இந்த லாபம். இப்படி நாமே செய்யும் ஒன்றுக்குக் கோளாறின் பெயர் ஆகாது.

தானாக நடந்தால் குறைவு, நாம் செய்தால் குறைப்பு. தன்வினையும் பிறவினையும் தமிழில் தயாராக இருக்கும்போது அதைப் பயன்படுத்துவோம்: 'மின்னழுத்தக் குறைப்பு'.

இதோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொன்று வீட்ரூப். சுமை ஏறி மின்னோட்டம் கூடும்போது மின்னழுத்தம் தானே சற்று இறங்குவது. கொடியில் ஈரத்துணியைப் போட்டால் கயிறு தொய்கிறதே, அதே காட்சி. 'சுமைத்தொய்வு' என்று சொல்லலாம். நாம் குறைத்தது போதாதென்று சுமையில் இதுவும் சேர்ந்தால் மின்னழுத்தம் தேவைக்குக் கீழே போய்விடும். குறைப்பும் தொய்வும் வேறு வேறு சொற்களாக இருந்தால்தான், சும்மா இருக்கும்போது நன்றாக ஓடும் கணினி வீடியோ ரெண்டரிங்கில் ஏன் உறைகிறது என்று புதியவருக்கு விளக்க முடியும்.

'வெப்பத் தணிப்பு' பொருளையே மாற்றிவிடுகிறது. வெப்பத்தைத் தணிப்பது விசிறியும் ஹீட்சிங்க்கும் செய்கிற வேலை. இங்கே வெப்பநிலை வரம்பைத் தொட்டதும் நுண்செயலி தன் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. ஏஎம்டி ரைசன் 7950எக்ஸுக்கு அந்த வரம்பு 95 டிகிரி, இன்டெல் ஐ9-13900கே-க்கு 100. 'வேகத்தடை' என்றால் சாலையில் இருக்கும் மேடு. 'வெப்பஞ்சார் வேக மட்டுப்பாடு' துல்லியம்தான், ஆனால் திரையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்காது. என் பரிந்துரை 'வெப்பக் கடிவாளம்'. குதிரை என்ற உவமை வேண்டாம் என்று சிலர் சொல்லலாம். ஆனால் கடிவாளம் இழுக்கவும்படும், தளர்த்தவும்படும்; சூடு இறங்கியதும் வேகம் மறுபடி ஏறுவதை வேறெந்தச் சொல்லும் இவ்வளவு இயல்பாகக் காட்டவில்லை.

சரி, ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: "மின்னழுத்தக் குறைப்பு செய்தபின் வெப்பக் கடிவாளம் விழுவது நின்றது, ஆனால் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் குறைத்ததும் சுமைத்தொய்வில் கணினி உறைந்தது." எனக்குத் தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது.

இது நிபுணர்களுக்கு மட்டுமான பேச்சு இல்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுப் பழுதானதால், 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (நுண்செயலிக்கு உள்ளேயே ஓடும் நிரல்) வழியாக 1.55 வோல்ட் என்று வரம்பு வைத்தார்கள். பயாசைப் புதுப்பிக்கச் சொல்லி வீட்டில் இருப்பவர்களுக்குத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சொற்களின் பஞ்சம் எனக்கு உறைத்தது.

ஒன்றில் மட்டும் சிக்கி நிற்கிறேன்: ஆஃப்செட், அதாவது வழக்கமான மின்னழுத்தத்திலிருந்து எவ்வளவு கூட்டுவது அல்லது குறைப்பது என்று நாம் தரும் அளவு. 'விலக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் பள்ளிக் கணக்கில் திட்ட விலக்கம் அதை முன்பே எடுத்துக்கொண்டது. 'ஈடு' பொருந்துமா? வன்பொருள் வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்