பொருள்: ரெஸ்டோமாட் – தமிழில் என்ன? (அவசரம்)

[சென்னை, மொழிபெயர்ப்பாளர்]

அனைவருக்கும் வணக்கம். பழைய அமெரிக்க பிக்கப் ஒன்றை விற்கும் காணொளிக்குத் தமிழ் வரிகள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். வண்டி 1956 ஃபோர்டு எஃப்-100. மேற்கூடு மட்டும்தான் 56. உள்ளே இருந்த 272 கன அங்குல ஒய்-பிளாக் என்ற அந்தக் கால வி8 இன்ஜினைக் கழற்றிவிட்டு, மஸ்டாங்கில் வரும் 5 லிட்டர் கயோட்டி இன்ஜினை உட்காரவைத்திருக்கிறார்கள். முன்பக்க ஒற்றை அச்சு போய்த் தனித்தனி சஸ்பென்ஷன், டிரம் பிரேக் போய் டிஸ்க், கூடவே ஏசி. பின்தொட்டியின் தரை மட்டும் அந்தக் கால முறைப்படியே மரப்பலகை, நடுவில் இரும்புப் பட்டைகள். விற்பவர் மூச்சுக்கு ஒரு தரம் 'ரெஸ்டோமாட்' (ரெஸ்டோர் + மாடிஃபை, மீட்டு மாற்றியது) என்கிறார். நான் 'மீட்டமைத்த வண்டி' என்று போட்டேன். மேற்பார்வையாளர் அடித்துவிட்டார்.

[மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

> மீட்டமைத்த வண்டி

அடித்தது சரிதான். மீட்டமை என்றால் இன்று கைப்பேசியைத் துடைத்துப் பழையபடி ஆக்குவது. 'புதுக்குதல்' என்று அருமையான சொல் இருக்கிறதே! புதுக்கு + ஊர்தி = புதுக்கூர்தி. வினைத்தொகை, முக்காலமும் அடக்கம். திருமழபாடிக் கோயிலில் ராஜராஜன் காலத்தில் கருவறை விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படி எடுத்தார்கள். ராஜேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். கல் புதிது, எழுத்து பழையது. அதுதான் புதுக்குதல். கோயிலுக்குத் தகுவது பிக்கப்புக்குத் தகாதா?

[கோவை, பட்டறை வைத்திருப்பவர்]

ஐயா, புதுக்கூர்தி என்று எழுதினால் எங்கள் பையன்கள் 'புது, சரி, கூர்தி எந்தக் கம்பெனி?' என்று கேட்பார்கள். பட்டறையில் 'ஆல்ட்டர் பண்ணின வண்டி' என்போம். இன்னொன்று, உங்கள் திருமழபாடியில் எழுத்து பழையதாகவே நின்றது. இங்கே இன்ஜினே வேறு, அதில் பொறித்த எண்ணும் வேறு. ஒரிஜினல் தேடுகிறவன் அதைப் பார்த்ததும் போய்விடுவான். தினமும் ஓட்ட நினைக்கிறவன்தான் வாங்குவான். சொல்லைக் கேட்டதுமே யாருக்கான வண்டி என்று தெரிய வேண்டாமா? ரெஸ்டோமாட் என்றே விடுங்கள்.

[மிச்சிகன்]

கோவைக்காரர் சொல்வதில் பாதி சரி. ஆனால் மேற்கூட்டுக்கும் விலை உண்டு. 1953இல் தொடங்கிய இந்த உருவத்தில், வளைந்து சுற்றி வரும் முன்கண்ணாடியும் நேராக நிற்கும் தூண்களும் 56இல் மட்டும்தான். 57இல் உருவமே மாறிவிட்டது. பின்னால் பெரிய கண்ணாடி வைத்த கேபின் என்றால் இன்னும் கிராக்கி. ஒழுங்காக விற்பவர் கேபினை இறக்கிச் சேசிஸைச் சுரண்டியபோது எடுத்த படங்கள், பாகங்கள் வாங்கிய ரசீதுகள், எல்லாவற்றையும் காட்டுவார். பட்டி பூசி மறைத்த துரு இல்லை என்பதற்கு அந்தப் படங்கள்தான் அத்தாட்சி. ஆக மீட்டதும் சொல்லில் வேண்டும், மாற்றியதும் வேண்டும். 'மீள்மாற்று' எப்படி?

[மதுரை]

மாற்று என்றால் பொன்னின் தரம் ஐயா. உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது. 'மாற்றுக் குறையாத' என்று

[கோவை]

ஐயா, வெள்ளிக்கிழமை.

[யாழ்ப்பாணம்]

எங்கட ஊரில ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் எண்ட பழைய கார் எல்லாம் போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்திலும் ஓடினது. ஸ்டார்ட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். கிடைச்ச பாகத்தைப் போட்டு ஓட்டினம், ஒருத்தரும் அதுக்குப் பேர் வைக்கேல்ல. இப்ப ஆசைக்கு மாத்தினதுக்குத்தான் பேர் தேடுறம்! மீள்மாற்று எண்டால் 'திரும்பவும் மாத்து' எண்டுதான் எனக்குக் கேக்குது. 'மீட்டுப் புதுக்கிய' எண்டு இரண்டு சொல்லாப் போடுங்கோவன்.

[சென்னை]

நன்றி அம்மா. முதல் முறை 'மீட்டுப் புதுக்கிய பிக்கப், அதாவது ரெஸ்டோமாட்', அதற்குப் பிறகு ரெஸ்டோமாட் மட்டும். திரையில் வரிக்கு அவ்வளவுதான் இடம். மூன்று பேர் சரி என்று தனி மடல் போட்டார்கள், சோர்ந்துபோய்த்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், அடுத்த வண்டி வேறு மாதிரி. வெயிலில் வெளுத்த பெயின்டையும் அடியில் தெரியும் துருவையும் அப்படியே விட்டு, மேலே பளபளப்பில்லாத கிளியர்கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்து விற்கிறார்கள். இதைப் பேட்டினா என்கிறார்கள். இதற்கு?

[மதுரை]

ரெஸ்டோமாட்டுக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'புதுக்கிய' ஒட்டிக்கொண்டதே, அந்த மட்டில் சரி. பேட்டினாவுக்குத் தேடவே வேண்டாம்: களிம்பு. செம்பில் களிம்பு எப்படிப் பிறவியிலேயே ஒட்டியதோ அப்படி உயிரில் ஆணவம் என்பது சைவ சித்தாந்தம். விரிவாக இரவு எழுதுகிறேன்.

[கோவை]

களிம்பு போட்ட வண்டி என்றால் எங்கே அடிபட்டது என்று கேட்பார்கள், ஐயா.