பொட்டைக் குட்டியை யார் எடுத்துக்குவா? நாய், பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணின அனுபவம் சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
புரட்டாசி பொறந்தா எங்க தெருவுல ராத்திரி தூக்கம் கிடையாது. மலையாளத்துக்காரங்க கன்னி மாசம்பாங்க, கூத்து ஒண்ணுதான். அப்பச் சேர்ந்த நாய் கார்த்திகை, மார்கழியில குட்டி போடும். ரெண்டு மாசம்தானே சினை. தை முடியறதுக்குள்ள வேலந்தாவளம் ரோட்டுல லாரிச் சக்கரத்துல அரைபட்டுக் கிடக்கிறதை எல்லாரும் பார்க்கிறோம். அதெல்லாம் தெருநாய் போட்டதுன்னு நினைக்காதீங்க. கேரளா-தமிழ்நாடு எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க சாக்குல கட்டி இந்தப் பக்கம் விடறாங்க, நம்மாளுங்க செக்போஸ்ட் தாண்டி அங்க விட்டுட்டு வர்றாங்க. போன வருசம் ஸ்கூல் காம்பவுண்டு ஓரம் ஒரு அட்டைப்பெட்டி. உள்ள இருந்தது எல்லாமே பொட்டை. ஒண்ணு கழுத்துல சிவப்பு ரிப்பன் வேற. ஆண் குட்டிக்கு மட்டும் வீடு கிடைச்சிருக்கும்.

மீனாட்சிபுரம் மளிகைக்கடை:
பூனைக் கதை இன்னும் மோசம் டீச்சர். நாய்க்காவது வருசத்துக்கு ரெண்டு ஈத்து. பூனை நாலஞ்சு மாசக் குட்டியா இருக்கும்போதே சூட்டுக்கு வந்துடும், குட்டிக்குப் பால் கொடுத்துக்கிட்டே மறுபடி சினையாயிடும். அரிசி மூட்டைக்கு எலி வருதேன்னு ஒண்ணு வளர்த்தேன், கடையே பூனைக்கடை ஆயிடுச்சு. தாய்க்கும் பொட்டைக் குட்டிங்களுக்கும் ஆபரேஷன் பண்ணினோம். கடுவனையும் விடலை. அது மூட்டையில பீச்சியடிச்சுட்டுத் திரிஞ்சது, இப்ப அந்த நாத்தம் இல்லை. எலி பிடிக்கிறது மட்டும் நிக்கலை.

நடுப்புணி தோட்டம்:
ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. தென்னந்தோப்புக் காவலுக்குத்தான் நாய் வெச்சிருக்கேன். காயடிச்சா சோம்பேறி ஆயிடும்னு எங்கப்பா சொல்வாரு. பொட்டைக்கும் ஒரு ஈத்தாவது போட்டாத்தான் உடம்புக்கு நல்லதாமே?

மிருகாஸ்பத்திரி ரிட்டயர்டு:
நான் டாக்டர் இல்லீங்க, அட்டெண்டரா இருந்தவன். கண்ணால பார்த்ததையும் டாக்டருங்க சொன்னதையும் சொல்றேன். காவல் புத்தி அப்படியேதான் இருக்கும். பொட்டை வாசம் பிடிச்சு வேலி தாண்டறதுதான் குறையும். தாண்டிப் போயி கடிபட்டு வந்த ஆண் நாய்ங்களுக்குத் தையல் போட உதவி பண்ணியே என் சர்வீசுல பாதி போச்சு. சேர்க்கையில ஒட்டற ஒரு கட்டி வேற இருக்கு, குறியில காலிஃபிளவர் மாதிரி வளர்ந்து ரத்தம் ஒழுகும். அதுக்கு வாராவாரம் கேன்சர் ஊசி போடணும். ஆபரேஷன் பண்ணினதும் தீனி பழையபடி அள்ளிப் போட்டா ஊதிடும், உங்கப்பா பார்த்த சோம்பேறித்தனம் அதுவா இருக்கும். இன்னொண்ணு, ஆபரேஷன் ஆன ஆண் நாயை ஒரு மாசமாவது பொட்டைகிட்ட விடாதீங்க, பழைய விந்து உள்ள இருக்கும்.
ஒரு ஈத்துப் போட்டா நல்லதுங்கிறது சும்மா பேச்சு. முதல் சூட்டுக்கு முன்னாடியே பண்ணினா மடியில கட்டி வர்றது ரொம்பவே குறையும், தள்ளிப் போடப் போட அந்தப் பலன் குறையும். ஆனா ராட்வீலர், லாப்ரடார் மாதிரி பெரிய சாதின்னா மூட்டு எலும்பு வளரணும், எத்தனை மாசத்துலன்னு டாக்டரைக் கேட்டுக்கோங்க.

கோபாலபுரம் அக்கா:
சித்தி வீட்டுப் பொமரேனியனுக்கு ஆபரேஷன் பாவம்னு சொல்லி, சூட்டுக்கு வராம இருக்க ஊசி மட்டும் போட்டுட்டு இருந்தாங்க. வயசான காலத்துல குடம் குடமாத் தண்ணி குடிச்சுது, வாந்தி, பின்னாடி சீழ் வாடை. கர்ப்பப்பை பூராவும் சீழ். கடைசியில அதே ஆபரேஷனை காய்ச்சலோட, உயிர் போற நிலைமையில பண்ண வேண்டி வந்துச்சு. பிழைச்சுக்கிச்சு. சித்தியோட வைராக்கியமும் அன்னியோட போச்சு!

மிருகாஸ்பத்திரி ரிட்டயர்டு:
அந்த ஊசியே கர்ப்பப்பைச் சீழுக்கு வழி பண்ணும் அக்கா. சூடு முடிஞ்சு சில வாரத்துல தண்ணி அதிகமாக் குடிச்சா அன்னிக்கே கொண்டு போயிடணும்.

மீனாட்சிபுரம் மளிகைக்கடை:
தெருநாயை பஞ்சாயத்துதானே பிடிச்சுப் பண்ணணும், நம்ம தலையில ஏன் கட்டறாங்கன்னு கடையில ஒருத்தர் சண்டை போட்டார். தெருநாய் பஞ்சாயத்து பொறுப்புதான். வீட்டு நாய்க்குக் கருத்தடை, தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் வளர்க்கிறவர் பொறுப்புன்னு 2023 மத்திய அரசு விதியிலயே இருக்கு.

நடுப்புணி தோட்டம்:
சரிங்க. பொட்டை இப்ப சூட்டுல இருக்கு. திங்கக்கிழமையே கூட்டிட்டுப் போகலாமா?

மிருகாஸ்பத்திரி ரிட்டயர்டு:
வேண்டாம், இப்ப ரத்த ஓட்டம் ஜாஸ்தி. ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டு போங்க, அதுவரை கட்டி வைங்க. முதல் நாள் ராத்திரியோட சோறு நிறுத்திடணும், தண்ணி எப்போ நிறுத்தறதுன்னு ஆஸ்பத்திரியில சொல்வாங்க. தையல் பிரிக்கிற வரைக்கும் நக்க விடக்கூடாது. கூம்பு காலர் கிடைக்கலைன்னா பழைய பனியன்ல காலுக்கு ஓட்டை வெட்டி மாட்டுங்க, போதும்.

நடுப்புணி தோட்டம்:
பனியனா? என்னோடதையே அது கிழிச்சுப் போட்டிருக்கு. காலரே வாங்கிடறேன்.