கண்டாங்கிச் சேலைக்கு பிளாக்செயின் எதுக்கு?

காரைக்குடிப் பையன்:
இங்க இன்ஜினியரிங் மூணாம் வருஷம். பிளாக்செயின் பேப்பர் எடுத்திருக்கேன், அதாவது பல பேர்கிட்ட நகல் இருக்கிற, ஏத்தினதை மாத்த முடியாத கணக்குப் பதிவு. ஹாஷ் (ஒரு தகவலோட கைரேகை மாதிரி வர்ற சின்னக் குறியீடு), அதை அடுக்கிக் கட்டுற மெர்க்கிள் மரம் எல்லாம் இதுவரைக்கும் பரீட்சைக்கு மனப்பாடம்தான். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டாவது நிஜமா ஓடணும். 2019ல புவிசார் குறியீடு கிடைச்ச நம்ம ஊர் கைத்தறிக் கண்டாங்கியை எடுத்து, தறியிலேர்ந்து வாங்குறவங்க வரைக்கும் யார் கைக்குப் போகுதுன்னு செயின்ல பதியலாம்னு இருக்கோம். சேலையில கியூஆர் லேபிள். விசைத்தறிச் சேலையைக் கண்டாங்கின்னு விக்கிறது நிக்கும்ல?

தேவகோட்டையான்:
நிக்காது தம்பி. லேபிளை நூறு காப்பி அடிச்சு விசைத்தறிச் சேலையில ஒட்டுனா உன் செயின் என்ன பண்ணும்? உள்ள போனதை மாத்த முடியாது, சரி. போனதே பொய்யா இருந்தா? பதியுறது ஒரே ஆபீஸ்னா போஸ்ட்கிரஸ் மாதிரி சாதாரண டேட்டாபேஸ்ல ஒரு டேபிள் போதும். மெர்ஸ்க் கப்பல் கம்பெனியும் ஐபிஎம்மும் கப்பல் சரக்குக்கு டிரேட்லென்ஸ்னு ஒரு பிளாக்செயின் கட்டி, 2022 கடைசியில மூடுறோம்னு அறிவிச்சாங்க. கோடு ஓடாம இல்ல. தொழில்ல உள்ளவங்க எல்லாரும் சேர்ந்து வரல, அவ்வளவுதான்.

சாக்பீஸ்:
நான் இந்தப் பாடம் நடத்துறவன். மாணவன் கம்பெனி ஆரம்பிக்கலையே, கத்துக்கத்தானே வந்திருக்கான்? 2016ல ஈத்தீரியம் செயின்ல ஓடுன தி டாவ்ங்கிற கூட்டு முதலீட்டு நிதியிலேர்ந்து ஏறக்குறைய 36 லட்சம் ஈதர் (அந்தச் செயினோட காசு) போனது ஏன்? பணத்தை அனுப்பிட்டு அப்புறம் இருப்பைக் கழிச்சாங்க. கழிக்கிறதுக்குள்ள எதிராளியோட காண்ட்ராக்ட் (செயின்லயே தானா ஓடுற கோடு) திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிடுச்சு. கோடுல ரெண்டு வரியை முன்பின் மாத்தினா தீர்ற விஷயம். செப்போலியா மாதிரி டெஸ்ட்நெட்ல, அதாவது பழகிப் பார்க்கிற சோதனைச் செயின்ல, காசில்லாம ஒரு தடவை தானே உடைச்சுப் பார்த்தவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். போர்டுல எழுதிப் போட்டா மறந்துடுவான்.

தேவகோட்டையான்:
சார், பயிற்சின்னா பயிற்சின்னு சொல்லுங்க, யாரு வேணாங்குறா? நெசவாளரைக் காப்பாத்தப் போறேன்னு பிபிடி போடுறதுதான் எரிச்சலா இருக்கு. சான்றிதழைச் செயின்ல ஏத்துறேங்கிறதும் இதே கதை. டிஜிலாக்கர் 2015லேர்ந்து செயின் இல்லாமத்தான் ஓடுது.

பாவுநூல்:
எங்க வீட்டுல தறி ஓடுது. போலிச் சேலையைப் பத்தியே பேசுறீங்க. எங்க பிரச்சினை கூலி. முதலாளி பாவும் ஊடைநூலும் எடை போட்டுக் கொடுப்பாரு, சேலையை நெய்து கொடுத்தா கூலி. கணக்கு நோட்டு அவர்கிட்டயே இருக்கும். போன தடவை வாங்கின முன்பணம் எவ்வளவுன்னு அப்பா ஒண்ணு சொல்வாரு, நோட்டு ஒண்ணு சொல்லும். கடைசியில நோட்டுதான் ஜெயிக்கும்.

சாக்பீஸ்:
இதுதாம்மா சரியான இடம்! ஒருத்தரை ஒருத்தர் நம்பாத ரெண்டு தரப்பு, ஒரே கணக்கு. நூல் கொடுக்கும்போதும் கூலி கொடுக்கும்போதும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் பதிவு ஏறணும். பிள்ளைகளா, கியூஆரை விட்டுட்டு இதை எடுங்க.

தேவகோட்டையான்:
ரெண்டு டிஜிட்டல் கையெழுத்து, ஆளுக்கொரு நகல். முடிஞ்சுது. அந்தக் காலத்துல நம்ம செட்டியார்களோட பர்மாக் கடை ஏஜென்ட் ஊர்ல இருக்குற முதலாளிக்குக் கணக்கு அனுப்பிக்கிட்டேதான் இருந்தாரு, செயினா கேட்டாரு?

சாக்பீஸ்:
இங்க நெசவாளர் போன் உடைஞ்சா நகலும் போச்சு, மிச்சம் முதலாளி சர்வர் மட்டும்தான். பாதகமான வரியை அவர் காட்டாம விட்டா யாரு கேக்குறது?

காரைக்குடிப் பையன்:
ஆனா சார், பப்ளிக் செயின்ல கூலி போட்டா ஊரே பார்க்கும். ஹாஷ் மட்டும் ஏத்தினா?

தேவகோட்டையான்:
கூலி ஐநூறா அறுநூறான்னு வரிசையா ஹாஷ் போட்டுப் பார்த்தா நிமிஷத்துல தெரிஞ்சிடும். ஒவ்வொரு பதிவுக்கும் ஊகிக்க முடியாத ஒரு ரேண்டம் எண்ணைச் சேர்த்து ஹாஷ் பண்ணு. அந்த எண் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கணும். முதல்ல போஸ்ட்கிரஸ்ல கட்டு, அப்புறம் செயின்ல கட்டு. செயின் இல்லாம எது முடியலங்கிறதை ரிப்போர்ட்ல ஒரு பக்கம் எழுது. எழுத முடியலைன்னா என் பேச்சு சரின்னு வச்சுக்க.

பாவுநூல்:
எங்க வீட்டுல போன் ஒண்ணுதான், அதுவும் தம்பி கையில. டிஜிட்டல் கையெழுத்துப் போடுற ரகசியச் சாவி யாருகிட்ட இருக்கும்? அப்பா தொலைச்சிட்டா முதலாளிகிட்டயே போய் நிக்கணுமா?

காரைக்குடிப் பையன்:
அதை யோசிக்கல அக்கா. நெசவாளர் சங்கத்துல ஒருத்தரும் வீட்டுல ஒருத்தரும் சேர்ந்து சரின்னா புதுச் சாவி மாத்திக்கிற மாதிரி காண்ட்ராக்ட்லயே எழுதலாம்.

தேவகோட்டையான்:
சங்கத்துல யாரை நம்புறதுன்னு அவங்க வீட்டுல கேட்டுட்டு அப்புறம் கோடு எழுது.